மெயில் போய்ச் சேரவில்லையா? சர்வரைத் தொடும் முன் லாக்கைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரையில் சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்திருக்கும் சிறு தொழில்கள் இப்போது நிறைய. மண்டபத்து நண்டு, கணவாய் கம்பெனிகள், இராமேஸ்வரம் லாட்ஜுகள், கீழக்கரை டிராவல்ஸ் அலுவலகங்கள், கடல்பாசி வாங்கி அனுப்புகிறவர்கள் என்று பலரும் அலுவலக மூலையில் ஒரு சிறிய சர்வரையோ, மாத வாடகைக்கு எடுத்த வி.பி.எஸ். என்ற இணைய சர்வர் ஒன்றையோ வைத்துக் காரியம் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் வரும் புகார் ஒன்றுதான்: நமக்கு வரவேண்டிய மெயில் ஒழுங்காக வருகிறது, நாம் அனுப்புவது போய்ச் சேரவில்லை.

அப்போது நடப்பது என்ன? ரவுட்டரை நாலு முறை அணைத்துப் போடுகிறார்கள். ஆன்டிவைரஸை எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் சர்வரையே ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். ஃபார்மேட் செய்தால், சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக்கும், போகாமல் காத்திருக்கும் மெயில்களின் வரிசையான க்யூவும் சேர்ந்தே அழிந்துவிடும். மெயில் ஏன் போகவில்லை என்ற காரணம் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். ஏற்றுமதிக் கம்பெனிக்கு இது விளையாட்டில்லை. ஹெல்த் சர்டிஃபிகேட்டும் பேக்கிங் லிஸ்ட்டும் வாங்குகிறவருக்குப் போய்ச் சேராமல், தூத்துக்குடியில் கப்பலேறிய குளிர் கன்டெய்னர் அந்தப் பக்கத் துறைமுகத்தில் நின்றால் ஒவ்வொரு நாளும் பணம். ஆகவே இந்த வேலையை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

"சென்ட் ஃபோல்டரில் இருக்கிறதே, போயிருக்க வேண்டுமே" என்பார்கள். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ சென்ட் ஃபோல்டரில் இருப்பதற்கு அர்த்தம், உங்கள் கம்ப்யூட்டர் உங்கள் சர்வரிடம் கொடுத்துவிட்டது என்பது மட்டுமே. அங்கிருந்து எதிர்த்தரப்பு சர்வருக்குப் போயிற்றா என்பது லாக்கில்தான் தெரியும். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரல் ஓடுகிறது என்றால் வார், அதற்குள் லாக், அதற்குள் மெயில்.லாக் என்ற கோப்பைப் பாருங்கள். ரெட்ஹேட் வகையறா லினக்ஸ்களில் அதன் பெயர் மெயில்லாக். டெபியன் 12-இல் லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் நிரலைத் தனியாக நிறுவாவிட்டால் கோப்பே இருக்காது; ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பார்க்க வேண்டும்.

அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் லாக்கில் ஒரு வரி விழும். யாருக்கு, எந்த சர்வர் வழியாக, எவ்வளவு நேரம், என்ன முடிவு என்று நான்கும் அதில் இருக்கும். ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சென்ட் என்றிருந்து, அடைப்புக்குறிக்குள் 250 என்ற எண்ணும் எதிர்த்தரப்பு கொடுத்த ஒரு க்யூ எண்ணும் இருந்தால், உங்கள் வேலை முடிந்தது. மெயில் அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டது. இனி ஸ்பேம் ஃபோல்டரில் தேட வேண்டியது அவர்கள் பொறுப்பு. அந்த வரியை அப்படியே நகலெடுத்து, வாங்குகிறவரின் கணினிப் பிரிவுக்கு அனுப்பினால் அவர்கள் தங்கள் பக்கத்தில் அந்த எண்ணை வைத்துத் தேடிவிட முடியும். இதைச் செய்யாமல் "அனுப்பினோம்", "வரவில்லை" என்று இரண்டு பக்கமும் போனில் சண்டை போடுவதில் பயன் இல்லை.

சென்ட் இல்லாமல் டிஃபர்டு என்றோ பவுன்ஸ்டு என்றோ இருந்தால் பக்கத்தில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. சர்வர் தானே திரும்பத் திரும்ப முயலும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். 550-உம் 5.1.1-உம் சேர்ந்து வந்தால் முகவரி தவறு. 452-உம் 4.2.2-உம் வந்தால் அவருடைய பெட்டி நிறைந்துவிட்டது. 451 வந்து "பிறகு முயலவும்" என்று இருந்தால் பெரும்பாலும் கிரேலிஸ்டிங், அதாவது தெரியாத சர்வரை முதல் முறை வேண்டுமென்றே திருப்பி, மறுபடி வருகிறதா என்று பார்ப்பது. அரை மணி நேரம் விட்டால் தானே போய்விடும், கை வைக்க வேண்டாம். 5.7 என்று தொடங்கும் எண்கள்தான் நம்மைப் பற்றிய புகார். எந்த சர்வர் வழியாக என்று காட்டும் ரிலே என்ற இடத்தில் "நன்" (எதுவுமில்லை) என்றும் பக்கத்தில் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்றும் இருந்தால் எதிர்த்தரப்பை நாம் எட்டவே இல்லை.

டிலேஸ் என்ற இடத்தில் சாய்கோடு போட்டு நான்கு எண்கள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது எண் இணைப்பு ஏற்படுத்த ஆன வினாடிகள், நான்காவது மெயிலை அனுப்ப ஆன வினாடிகள். மூன்றாவது பெரிதாக இருந்தால் டி.என்.எஸ். (டொமைன் பெயருக்குரிய பதிவுகள் இருக்கும் இடம்), ஃபயர்வால், போர்ட் பக்கம் போங்கள். நான்காவது பெரிதாக இருந்தால் லைன் தரத்தையும் அட்டாச்மென்ட் அளவையும் பாருங்கள். பாதி வேலை இந்த இரண்டு எண்ணிலேயே முடிந்துவிடும்.

டைம்டு அவுட் வந்தால் முதல் சந்தேகம் போர்ட் 25. ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் கொடுப்பது இந்த வழியில் மட்டும்தான். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் கொட்டுவதைத் தடுக்க, பல பிராட்பேண்ட் நிறுவனங்களும் வி.பி.எஸ். வாடகைக்கு விடுகிறவர்களும் வெளியே போகும் 25-ஐ அடைத்தே வைத்திருப்பார்கள். சர்வரிலிருந்து டெல்நெட் கட்டளை மூலம் ஜிமெயிலின் எம்.எக்ஸ். சர்வரை (மெயில் வாங்கும் சர்வரை) 25-இல் தொட்டுப் பாருங்கள். 220 என்று பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. முப்பது வினாடி ஊமையாக நின்று கைவிட்டால், இன்னும் இரண்டு பெரிய நிறுவனங்களின் சர்வரையும் அதேபோல் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஊமை என்றால் அடைப்பு உங்கள் பக்கம். கூடவே ரவுட்டரின் வான் ஐ.பி.யையும் (இணையப் பக்கத்து முகவரி எண்ணையும்) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரே ஐ.பி.யைப் பகிர்கிறீர்கள். அந்த இணைப்பில் மெயில் சர்வர் நடத்தவே முடியாது, மாறாத, உங்களுக்கே உரிய ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்டு வாங்குங்கள்.

ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கிவிட்டோம், 25-உம் திறந்திருக்கிறது, ஆனாலும் ஜிமெயில் மறுக்கிறது. நம் பகுதியில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் பி.டி.ஆர். என்ற தலைகீழ் பதிவு. உங்கள் சர்வரின் பெயரைக் கேட்டால் ஐ.பி. எண் வரவேண்டும், அந்த எண்ணைத் திருப்பிக் கேட்டால் அதே பெயர் வரவேண்டும். முதல் பாதியை டொமைன் விற்றவரின் பக்கத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பாதியை ஐ.பி. கொடுத்த இணைய நிறுவனம் மட்டுமே எழுத முடியும். டொமைன் பக்கத்தில் பி.டி.ஆர். என்று ஒரு பதிவைச் சேர்த்துவிட்டு, சரியாகவில்லையே என்று காத்திருப்பவர்கள் பலர். அந்த இடத்தில் அதை யாரும் வந்து பார்ப்பதே இல்லை.

இத்தோடு சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஹெலோ பெயரும் ஒத்துப்போக வேண்டும். விண்டோஸ் சர்வர்களில் ஆபீஸ்.லோக்கல் என்பது போன்ற உள்பெயரும், லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேம் என்ற இடத்தில் முழுப் பெயரை எழுதுங்கள். புதிய வகை ஐ.பி. முகவரியான ஐ.பி.வி6 இன்னொரு பொறி. இணைப்பில் அது தானாக வந்துவிடும், சர்வரும் அதன் வழியே ஜிமெயிலைத் தொடும், அந்த முகவரிக்குப் பி.டி.ஆர். இருக்காது. ஒரு மெயில் போகும், அடுத்தது திரும்பும். பி.டி.ஆர். கிடைக்கும் வரை இனெட் புரோட்டோகால்ஸ் என்ற இடத்தில் ஐ.பி.வி4 மட்டும் என்று வைத்துவிடுவது உத்தமம்.

அடுத்து, மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் மூன்று: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம்; ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். நாம் அவ்வளவு அனுப்புவதில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூன்றையும் வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் ஸ்பேம் ஃபோல்டர் விஷயத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 550-உம் 5.7.26-உம் வந்தால் ஜிமெயில் சொல்வது இதைத்தான்.

எஸ்.பி.எஃப். என்பது இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த ஐ.பி.க்கு உரிமை உண்டு என்று டி.என்.எஸ்.ஸில் எழுதி வைக்கும் ஒரே ஒரு வரி. ஒரே ஒரு வரி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்வர் வைத்தவர் ஒன்று எழுதியிருப்பார், பிறகு வெப்சைட் செய்தவர் தன் பங்குக்கு இன்னொன்று எழுதுவார். இரண்டு இருந்தால் பிழை என்று கணக்காகி இரண்டும் செல்லாது. இரண்டிலும் உள்ளதை ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க ஆகும் டி.என்.எஸ். தேடல்கள் பத்துக்கு மேல் போனாலும் செல்லாது. ஆகவே சொந்த சர்வரை ஐ.பி. எண்ணாகவே எழுதுங்கள், அதற்குத் தேடல் கணக்கு இல்லை. லாட்ஜ்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். புக்கிங் உறுதிச் சீட்டை அனுப்புவது பெரும்பாலும் உங்கள் சர்வர் அல்ல, வெளியூரில் இருக்கும் புக்கிங் சாஃப்ட்வேர். அதன் பெயரும் வரியில் இல்லாவிட்டால் தை அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பதிவு செய்தவருக்குச் சீட்டு போய்ச் சேராமல் போகலாம்.

டி.கே.ஐ.எம். என்பது சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் போடும் கையெழுத்து. 2048 பிட் சாவி எடுங்கள். அதன் பொதுச் சாவி 255 எழுத்தைத் தாண்டும், டி.என்.எஸ்.ஸில் ஒரு துண்டுக்கு 255-தான் வரம்பு. மேற்கோள்குறி போட்டு இரண்டு துண்டாக எழுத வேண்டும். சில டொமைன் பக்கங்கள் இதைச் சொல்லாமல் வாலை வெட்டிவிடும், கையெழுத்து எங்கேயும் ஒத்துப்போகாது. கையெழுத்து போட்ட பிறகு "இந்த மெயில் வைரஸ் சோதனை செய்யப்பட்டது" என்று அடியில் ஒரு வரியை ஆன்டிவைரஸ் சேர்த்தாலும் இதே கதி. அடிக்குறிப்பு, சோதனை எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகக் கையெழுத்து விழவேண்டும்.

டிமார்க் என்பது, முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்த்தரப்புக்குச் சொல்லும் வரி. அதை முதலில் "நன்" (எதுவும் செய்யாதே) என்ற நிலையில் வைத்து, அறிக்கை வந்து சேர ஒரு முகவரி கொடுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் பெயரில் அனுப்பும் எல்லா இடமும் தேறுகிறது என்று தெரிந்த பிறகு "குவாரன்டைன்" (ஸ்பேமில் போடு) போங்கள். எடுத்த எடுப்பில் "ரிஜெக்ட்" (திருப்பிவிடு) போட்டுவிட்டுத் தன் மெயிலையே தடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சரிபார்க்க எளிய வழி: ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி "ஷோ ஒரிஜினல்" பாருங்கள். மேலேயே மூன்றுக்கும் பாஸா, ஃபெயிலா என்று எழுதியிருக்கும்.

நேற்று வரை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இன்று திடீரென்று நின்றது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வெப்சைட்டைப் புதுப்பித்தீர்களா என்பது. புதிய வெப்சைட்காரர், டி.என்.எஸ். பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரைத் தன் பக்கம் மாற்றும்போது எம்.எக்ஸ்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுபோகும். நேம்சர்வர் மாற்றும் முன் பழைய பதிவுகள் முழுவதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சின்ன மெயில் போகிறது, ஸ்கேன் செய்த பத்திரம் வைத்தால் போகவில்லை என்பது தனி நோய். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, அளவு. அட்டாச்மென்ட் மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே ஊதிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 1,02,40,000 பைட். எனவே ஏழரை எம்.பி. கோப்புக்கே அது முட்டும். 552 என்று பதில் வரும். வரம்பை 25 எம்.பி.க்கு உயர்த்தலாம், எதிர்த்தரப்பிலும் வரம்பு உண்டு என்பதால் 18 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை மெயிலில் வைக்காதீர்கள். பத்திரத்தை 300 டி.பி.ஐ. கலரில் ஸ்கேன் செய்யாமல் 150-இல் கருப்பு வெள்ளையாக எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது காரணம் எம்.டி.யு., அதாவது ஒரே தடவையில் போகும் தரவுத் துண்டின் (பாக்கெட்டின்) உச்ச அளவு. ஃபைபர் இணைப்பு, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் வந்தால் அந்த அளவு 1500 பைட் அல்ல, 1492. பாக்கெட் பெரிது என்று திருப்பிச் சொல்லும் ஐ.சி.எம்.பி. செய்திகளை எங்கோ ஒரு ஃபயர்வால் முழுக்க அடைத்திருந்தால், பெரிய பாக்கெட் காணாமல் போவது சர்வருக்குத் தெரியவே தெரியாது. இணைப்பு கிடைக்கும், பெயர் பரிமாற்றம் நடக்கும், மெயில் உடலை அனுப்பும்போது தொங்கி, பல நிமிடம் கழித்து அறுந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட்டுக்குப் பிங் செய்யுங்கள், பிறகு 1472. முதலாவது போய் இரண்டாவது போகாவிட்டால் இதுதான். ரவுட்டரில் எம்.எஸ்.எஸ். (பாக்கெட்டுக்குள் வைக்கும் தரவின் உச்ச அளவு) 1452 என்று கட்டிவிட்டால் தீர்ந்தது. சர்வரைத் தொடவே தேவையில்லை.

நம் கடற்கரைக்கே உரிய சங்கதிகளும் உண்டு. உப்புக்காற்றில் ஆர்ஜே 45 முனையின் செம்புக் கலவைத் தகடுகள் பச்சை பூத்துவிடும். விளக்கு எரியும், நெட் வரும், ஆனால் நெட்வொர்க் கார்டின் எர்ரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்; துடைத்துப் போட்டால் சில வாரம்தான் தாங்கும். ஐஸ் பிளான்ட், பதப்படுத்தும் கூடம் இவற்றின் ஈரக்காற்று படும் சுவரில் சர்வரை மாட்டாதீர்கள்.

மின்தடையில் சர்வர் யு.பி.எஸ்.ஸில் உயிரோடு இருக்கும். ஃபைபர் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர் சாதாரண பிளக்கில் இருக்கும். அந்த நேரத்தில் அனுப்பியதெல்லாம் க்யூவில் தங்கும். கரண்ட் வந்த உடனே அவை கிளம்பாது. போஸ்ட்ஃபிக்ஸ் முதல் மறுமுயற்சியை 300 வினாடியில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 4,000 வினாடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்கும். மெயில்க்யூ கட்டளையில் பட்டியலைப் பார்த்து, போஸ்ட்க்யூவை எஃப் என்ற குறியோடு கொடுத்தால் எல்லாம் உடனே புறப்படும். ஆனால் ஜிமெயில் 421 என்று சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்லும்போது இப்படித் தள்ளாதீர்கள், தடை நீளும். ஐந்து நாள் க்யூவில் கிடந்த மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் கைவிட்டுத் திருப்பிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழைய கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருப்பவர்கள் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முழு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டு பின்னால் போகும். இணைப்பின் பாதுகாப்புச் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க வேண்டிய இடங்களில் இணைப்பு மறுக்கப்படும். அதைவிட மோசம், சர்வரிலேயே உள்ள வெப்மெயிலில் எழுதி அனுப்பினால், மெயில் போய்ச் சேர்ந்தும் பழைய தேதியோடு வாங்குகிறவரின் இன்பாக்ஸ் அடியில் போய் உட்கார்ந்துவிடலாம். அவர் வரவில்லை என்றே சொல்வார், லாக்கில் சென்ட் என்றே இருக்கும். பேட்டரியோடு குரோனி என்ற நிரலையும் நிறுவி நேரத்தை இணையத்திலிருந்து எடுக்க வையுங்கள்.

மெயில்க்யூவில் நீங்கள் அனுப்பாத ஆயிரக்கணக்கான மெயில்கள் நின்றால், யாருடைய பாஸ்வேர்டோ திருடு போய்விட்டது. இங்கே வரிசை முக்கியம். லாக்கில் சாஸ்ல் யூசர்நேம் என்ற இடத்தில் எந்தக் கணக்கு என்று பார்த்து, அதன் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் வெப்மெயில் அமர்வுகளை முடித்து, அந்தக் கணக்கின் மெயில்களை மட்டும் க்யூவிலிருந்து நீக்குங்கள். அதன் பிறகுதான் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் ஐ.பி. இருக்கிறதா என்று பார்த்து நீக்கக் கேட்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் நீக்கக் கேட்டால் மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஸ்பாம்ஹவுஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. காசு கேட்கும் பட்டியல்களுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்பாம்ஹவுஸின் பி.பி.எல். பட்டியலில் மட்டும் இருந்தால் அது குற்றச்சாட்டு அல்ல. வீட்டு இணைப்பு வகை ஐ.பி. என்ற குறிப்பு. ஒரு கணக்கிலிருந்து ஒரு மணிக்கு 100 மெயில் என்று வரம்பு வைத்தால் அடுத்த தடவை சேதம் சிறிதாக நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் கம்பெனி மெயில் ஓய்ந்து கிடக்கும். கடலுக்குப் போன முதல் நாளே விலைப்பட்டியலை எல்லா வாங்குபவருக்கும் ஒரே மூச்சில் அனுப்பினால் 421 வருவதில் வியப்பில்லை. மணிக்கு முப்பதாகப் பிரித்து அனுப்புங்கள். சர்வரின் 90 நாள் பாதுகாப்புச் சர்டிஃபிகேட்டும் டொமைன் சந்தாவும் காலாவதியாவதும் அந்த இரண்டு மாதத்தில் யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும்.

பத்து மெயில் பெட்டிக்குக் குறைவாக உள்ள அலுவலகம் நேரடியாக 25-இல் அனுப்பவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வருவதும் சேமிப்பதும் சொந்த சர்வரில் இருக்கட்டும். வெளியே போவதை மட்டும் மெயிலை வாங்கி அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் போர்ட் 587 வழியாகப் பாஸ்வேர்டோடு கொடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது அந்தப் பெயரின் எம்.எக்ஸ்.ஸைத் தேடிப் போய்விடும். அந்தச் சேவையின் பெயரை எஸ்.பி.எஃப். வரியில் சேர்க்க மறக்காதீர்கள். பி.டி.ஆர்., தடைப்பட்டியல் தலைவலிகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

நேரடியாகவே அனுப்ப விரும்புகிறவர்களுக்காக இணைய நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்டேட்டிக் ஐ.பி.க்குத் தனிக் கட்டணம் வாங்கும்போதே, பி.டி.ஆர். பெயர் என்ன, போர்ட் 25 திறக்க வேண்டுமா என்ற இரண்டு கேள்வியை விண்ணப்பப் படிவத்தில் சேருங்கள். இப்போது மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சென்னையைக் கேட்கச் சொல்கிறார்கள், அங்கே கேட்டால் டொமைன் விற்றவரைக் கேட்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்களும் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள்: ஐ.பி. எண், சர்வரின் முழுப் பெயர், அந்தப் பெயருக்கு ஐ.பி. எண்ணைக் காட்டும் ஏ பதிவு ஏற்கெனவே போட்டாயிற்று என்ற உறுதி, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். செய்துவிட்டோம் என்று பதில் வந்தபின் ஒரு நாள் விட்டு என்எஸ்லுக்அப் கட்டளையில் ஐ.பி. எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் சர்வர் பெயர் அட்சரம் பிசகாமல் வரவேண்டும், ஐ.பி. எண்ணை நடுவில் வைத்து நிறுவனமே போட்ட நீளமான பெயர் வந்தால் வேலை நடக்கவில்லை, மறுபடி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அலுவலக சர்வர் பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகர்கள்,
இராமநாதபுரம்.